டீசல் கெப்பில் இழுவை: முள் காட்டாத சூடும் அதன் எல்லைகளும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதையடுத்து, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வீதிகளில் ஓட்டோ கியர் பூட்டிய டீசல் டபிள் கெப்கள் புதிதாகத் தென்படத் தொடங்கியுள்ளன. இவற்றுள் சிலவற்றின் திரை கூலன்டின் (இயந்திரத்தின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவத்தின்) வெப்பநிலையையும் கியர் ஒயிலின் வெப்பநிலையையும் எண்ணாகவே காட்டுகிறது. பழைய கெப்பில் கூலன்டின் சூட்டைக் காட்டும் ஒரேயொரு முள் இருந்தது. அது நடுவில் நின்றால் ஓட்டுநர் நிம்மதியாக இருந்தார். இப்போது எண் தெரிகிறது, ஆனால் ட்ரெய்லரை இழுக்கும்போது எந்த எண்ணில் பயப்பட வேண்டும் என்பது தெரியவில்லை.

குழப்பத்துக்கு முதற் காரணம் அலகு. இழுவை பற்றிய காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே 220 வரை கவலையில்லை என்பார்கள். நமது கராஜ்களிலோ 100-ஐத் தாண்டினால் வண்டியை நிறுத்து என்பார்கள். முதலாவது பாரன்ஹைட், இரண்டாவது செல்சியஸ். 220 பாகை பாரன்ஹைட் என்பது 104 பாகை செல்சியஸ். ஆகவே இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே இடத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. பாரன்ஹைட் எண்ணிலிருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் செல்சியஸ் கிடைக்கும். இக்கட்டுரையில் வரும் எண்கள் அனைத்தும் செல்சியஸில் உள்ளவை.

இரண்டாவது காரணம் சற்று ஆழமானது. வாகனத்தின் சூடு என்று ஒன்று இல்லை. சுமை இழுக்கும் டீசல் வாகனத்தில் குறைந்தது மூன்று வெவ்வேறு வெப்பநிலைகள், மூன்று வெவ்வேறு வேகத்தில் ஏறி இறங்குகின்றன. அவற்றுள் மெதுவாக அசைவதைத்தான் முள் காட்டுகிறது.

சூடு எங்கிருந்து வருகிறது

எரிக்கப்படும் டீசலின் சக்தியில் மூன்றிலொரு பங்கு அளவே சில்லை அடைகிறது. மீதியில் ஒரு பெரும் பகுதி சைலன்சர் வழியாகச் சூடான வாயுவாக வெளியேற, இன்னொரு பெரும் பகுதி கூலன்டுக்கும் ஒயிலுக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே சில்லுக்கு எவ்வளவு வலு தேவைப்படுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு வெப்பத்தை ரேடியேட்டர் காற்றில் கொட்டியாக வேண்டும்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். இரண்டு தொன் எடையுள்ள கெப், இரண்டு தொன் எடையுள்ள ட்ரெய்லரை இழுக்கிறது என்று கொள்வோம். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு வரையான சமதரை வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்ல, சில்லில் ஏறத்தாழ 12 கிலோவாற்று வலு போதும். இதே வண்டி, 100 மீற்றருக்கு 6 மீற்றர் உயரும் ஏற்றத்தில் இதே வேகத்தில் ஏற வேண்டுமானால், 50 கிலோவாற்று வேண்டும். அப்போது கூலன்டுக்குப் போகும் வெப்பம் 40 கிலோவாற்றை நெருங்கும். அடுப்படியில் இருக்கும் 2 கிலோவாற்று மின் கேத்தல் இருபதை ஒரே நேரத்தில் போட்டுவிட்டால் எழும் வெப்பம் அது. கெப்பின் முகப்பிலுள்ள ஒரு ரேடியேட்டர் அதை ஓயாமல் வெளியேற்ற வேண்டும்.

அதே ஏற்றத்தை மணிக்கு 30 கிலோமீற்றரில் ஏறினால் தேவைப்படும் வலு 24 கிலோவாற்று. மலை உச்சியை அடையச் செலவாகும் மொத்தச் சக்தி பெரிதாக மாறுவதில்லை. ஆனால் ஒரு நொடிக்கு வெளியேற்ற வேண்டிய வெப்பம் பாதியாகிவிடுகிறது. இழுவையில் வேகத்தைக் குறைப்பது எதற்காக என்பதற்கு இதைவிட நேரடியான விடை இல்லை.

மூன்று வெப்பநிலை, மூன்று கடிகாரம்

1. வெளியேற்று வாயுவின் வெப்பநிலை. சிலிண்டரிலிருந்து டர்போவுக்குள் (வெளியேறும் வாயுவால் சுழன்று இயந்திரத்துக்குள் காற்றை அமுக்கும் கருவிக்குள்) பாயும் வாயுவின் சூடு இது. அக்ஸிலரேட்டரை அழுத்திய சில நொடிகளில் நூற்றுக்கணக்கான பாகை ஏறும். காலைத் தூக்கினால் அதே வேகத்தில் இறங்கும்.

2. ஓட்டோ கியர் ஒயிலின் வெப்பநிலை. நிமிடக் கணக்கில் ஏறும். இறங்குவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும்.

3. கூலன்ட், இயந்திர ஒயில் ஆகியவற்றின் வெப்பநிலை. ரேடியேட்டரால் ஈடுகொடுக்க முடியும்வரை கூலன்ட் அசையாமல் நிற்கும். முடியாமற்போனால் சில நிமிடங்களில் எல்லையைக் கடக்கும். இயந்திர ஒயில் அதன் பின்னால் மெதுவாகத் தொடரும்.

முள் காட்டுவது கூலன்டை மட்டும். அதையும் அது முழு நேர்மையுடன் காட்டுவதில்லை. இன்றைய பெரும்பாலான வாகனங்களில், கூலன்ட் 75-இல் இருந்தாலும் 100-ஐத் தாண்டினாலும் முள் அதே நடுக்கோட்டில் நிற்கும்படி தயாரிப்பாளரே அமைத்துவிடுகிறார். முள் ஆடினால் வாடிக்கையாளர் பதறுவார் என்பது அவர்களது எண்ணம். எனவே முள் நடுவிலிருந்து அசையத் தொடங்குகிறது என்றால், எச்சரிக்கைக்குரிய கட்டம் ஏற்கெனவே பாதி கடந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஸ்டீயரிங்கின் கீழுள்ள, வாகனக் கணினியின் தகவலைப் படிக்க உதவும் ஓ.பி.டி. துவாரத்தில் செருகி, புளூடூத் மூலம் தொலைபேசியில் பார்க்கக்கூடிய சிறிய கருவிகள் கூலன்டின் உண்மையான எண்ணைக் காட்டுகின்றன. கியர் ஒயிலின் எண்ணை எல்லா வாகனங்களும் எல்லாக் கருவிகளுக்கும் தருவதில்லை என்பதால், வாங்குமுன் தமது வாகனத்தில் பொருத்திப் பார்ப்பது நல்லது.

கூலன்ட்: எல்லையைத் தீர்மானிப்பது ஒரு மூடி

தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்பது திறந்த பானைக்குரிய விதி. ரேடியேட்டர் மூடிய பானை. அதன் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் பொறிக்கப்பட்டிருக்கும். வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாக ஏறத்தாழ எத்தனை பார் (அமுக்கத்தின் அலகு) அமுக்கத்தை அம்மூடி தாங்கிப் பிடிக்கிறது என்பதே அதன் பொருள். 1.1 மூடியின் கீழ் வெறுந்தண்ணீரே 120 பாகையைத் தாண்டித்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் இன்னும் சில பாகை மேலே தாங்கும். 105 பாகையில் இயந்திரம் அமைதியாக ஓடுவதற்கு இந்த அமுக்கமே காரணம்.

மூடியின் உள்ளேயுள்ள ரப்பர் வளையம் வெடித்துப்போனாலோ, அதன் வில் தளர்ந்தாலோ, கொதிநிலை மீண்டும் 100-ஐ நோக்கி இறங்கிவிடும். அப்போது, முந்திய நாள் வரை பாதுகாப்பாக இருந்த 105 பாகை, இன்று கொதித்துப் பொங்கும் வெப்பநிலையாகிவிடுகிறது. சில நூறு ரூபாவோ ஆயிரம் இரண்டாயிரம் ரூபாவோ பெறுமதியான அந்த மூடியைப் பத்து வருடங்களாக மாற்றாதவர்கள், இலட்சக்கணக்கில் செலவழித்து ஹெட் கெஸ்கட்டை (இயந்திரத்தின் மேற்பகுதிக்கும் சிலிண்டர்ப் பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டை) மாற்றுவது கராஜ்களில் புதுமையான காட்சியல்ல.

கூலன்ட் எதற்கு, நமது ஊரில் உறைபனியா விழுகிறது என்ற கேள்வி நியாயமானது. வெப்பத்தைச் சுமக்கும் திறனில் வெறுந்தண்ணீர் கூலன்ட் கலவையை விடச் சற்று மேலானது என்பதும் உண்மை. ஆயினும் கூலன்டின் பெறுமதி அதிலுள்ள துருத்தடுப்புச் சேர்மானங்களில் இருக்கிறது. கல்லடியிலிருந்து பொத்துவில் வரையான கரையோரத்தில் பல கிணறுகளின் நீர் உப்புத்தன்மை கொண்டது. அந்த நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், உப்பு அலுமினியத்தை அரிக்கும். கேத்தலின் அடியில் படிவதைப் போன்ற வெண்மையான படிவு குழாய்களின் உட்சுவரில் ஒட்டும். வெறும் கெப்பாக ஓடும்வரை இது தெரியாது. ட்ரெய்லரை மாட்டி ஏற்றத்தில் ஏறும் நாளில்தான், ரேடியேட்டர் தனது கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்துவிட்டது வெளிப்படும். அவசரத்துக்குக் கிணற்று நீர் ஊற்றியவர்கள், ஊர் திரும்பியதும் அதை முழுதாக வடித்து, வடிகட்டிய நீருடன் கலந்த கூலன்டை நிரப்ப வேண்டும்.

தேர்மோஸ்டாட்டைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். இது 82 முதல் 88 பாகை அளவில் திறந்து, கூலன்டை ரேடியேட்டருக்குள் விடும் சிறிய கதவு. சூடான நாட்டுக்கு இது தேவையில்லை என்று சொல்லி, அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே நீண்டகாலமாக உண்டு. பல இயந்திரங்களில், தேர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றித் திரும்பும் குறுக்கு வழியை அதன் அடித்தட்டு அடைத்துவிடுகிறது. தேர்மோஸ்டாட் இல்லையென்றால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைக் காணாமலே சுற்றும். வெறுமையாக ஓடும்போது இயந்திரம் அளவுக்கு மீறிக் குளிர்ந்தும், இழுக்கும்போது அளவுக்கு மீறிச் சூடேறியும் போவது இதனால்தான்.

கியர் ஒயில்: மலையைவிட மணல் கொடியது

கிளச் மிதிக்கும் கெப்பில் கியர்பொக்ஸின் ஒயில் பெரிய சிக்கல் தருவதில்லை. அங்கே எரிவது கிளச் தட்டு, அதன் வாசனையே எச்சரிக்கை. ஓட்டோ கியரில் அந்த வாசனையும் இல்லை, காலுக்கு உணர்வும் இல்லை.

ஓட்டோ கியரில் இயந்திரத்தையும் கியர்பொக்ஸையும் இணைப்பது டோர்க் கன்வேர்ட்டர் என்ற உருண்டையான பாத்திரம். அதனுள் ஒயில் நிறைந்திருக்கும். இரண்டு சுழலிகள் எதிரெதிரே இருக்கும். இயந்திரம் சுழற்றும் முதற் சுழலி ஒயிலை வீசியடிக்க, அந்த ஒயில் மற்றச் சுழலியைத் தள்ளுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாதபோது உண்டாகும் வேறுபாடு வழுக்கல் எனப்படும். வழுக்கலில் இழக்கப்படும் வலு முழுவதும் ஒயிலின் சூடாகிறது. வேகம் சீரானதும் உள்ளேயுள்ள ஒரு பூட்டுக் கிளச் இரு சுழலிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதன் பின் வழுக்கலும் இல்லை, அதனால் வரும் சூடும் இல்லை. இழுவையின்போது ஓட்டுநர் செய்யும் பெரும்பாலான நல்ல காரியங்கள், இந்தப் பூட்டு விழுவதற்கு உதவுபவைதாம்.

மேலே சொன்ன ஏற்றத்தில், பூட்டு விழாமல் 50 கிலோவாற்றில் பத்தில் ஒரு பங்கு வழுக்கலில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 5 கிலோவாற்று ஒயிலுக்குள் இறங்குகிறது. கியர்பொக்ஸில் உள்ள ஒயில் ஏறத்தாழ எட்டு லீற்றர். குளிர்விக்க எதுவும் இல்லையென்றால், நிமிடத்துக்கு 20 பாகை வீதம் அது ஏறும். ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயோ அதன் முன்பக்கத்திலோ இருக்கும் ஒயில் கூலர்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறது.

நமது கரையோரத்தில் இதைவிட மோசமான ஒன்று தினமும் நடக்கிறது. பாலமீன்மடுவிலோ திருக்கோவிலிலோ, ஃபைபர் படகை ட்ரெய்லரில் ஏற்றி மணற்சரிவில் மேலே இழுக்கும் காட்சியைக் கவனியுங்கள். பின்சில்லு மணலில் அரையடி புதைந்திருக்கிறது. ட்ரெய்லரின் சில்லு சுழலவேயில்லை, மணலை முன்னால் குவித்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் நான்கு பேர் தள்ளுகிறார்கள். ஓட்டுநர் அக்ஸிலரேட்டரை அழுத்தியபடியே பிடித்திருக்கிறார். இயந்திரம் உறுமுகிறது, வண்டி ஓரங்குலம் நகர்ந்து நிற்கிறது. அந்த வேளையில் ஒரு சுழலி வேகமாகச் சுழல, மற்றது அசையாமல் நிற்கிறது. வழுக்கல் நூற்றுக்கு நூறு. இயந்திரம் 20 கிலோவாற்று மட்டுமே கொடுத்தாலும், அது முழுவதும் ஒயிலுக்குள் போய், கணக்கின்படி அரை நிமிடத்தில் 40 பாகை ஏறக்கூடும். வண்டி ஓடாததால் முகப்பில் காற்றும் இல்லை. கூலன்ட் முள்ளோ நடுவிலேயே நிற்கிறது. இழுத்து முடிந்ததும் எல்லோரும் தேநீர் குடிக்கப் போவார்கள். ஆறு மாதத்தின் பின் கியர் விழாமல் அடம்பிடிக்கும்போது, அந்தக் கடற்கரையை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மணலில் இழுப்பதானால் நான்கு சில்லு இழுவையின் தாழ்கியரைப் போட வேண்டும். அதில் அதே இழுவிசைக்கு டோர்க் கன்வேர்ட்டர் சுமக்கும் பளு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். டயரின் காற்றைக் குறைத்து, சில்லின் கீழ் பலகை போடுவது அடுத்தது. பத்து விநாடி அழுத்தியும் வண்டி நகரவில்லை என்றால், காலை எடுத்துவிட்டு மணலைத் தோண்டுவதுதான் மலிவான வழி.

ஒயிலின் ஆயுள் பற்றி கியர்பொக்ஸ் தொழிலில் ஒரு பழைய விதி உண்டு. 80 பாகையில் ஓடும் ஒயில் 160,000 கிலோமீற்றர் வரை தாங்கும் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 11 பாகைக்கும் அந்த ஆயுள் பாதியாகும் என்றும் அது கூறும். பழைய கனிம ஒயிலை வைத்துச் சொல்லப்பட்டது அது. இன்றைய செயற்கை ஒயில்கள் அதைவிட நன்றாகத் தாங்குகின்றன, புதிய கியர்பொக்ஸ்கள் 90 பாகைக்கு மேலேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டும் வருகின்றன. எண்கள் மாறலாம், ஆனால் வளைவின் வடிவம் மாறவில்லை. 120 பாகையைத் தாண்டியதும் ஒயில் சிதைந்து, வால்வுகளின் மேல் மெல்லிய அரக்குப் போல் படியத் தொடங்கும். 130-க்கு மேல் ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கும். 150-ஐ அண்மித்தால் உள்ளேயுள்ள கிளச் தட்டுகளே கருகும்.

எங்கே அளக்கப்படுகிறது என்பதும் முக்கியம். டோர்க் கன்வேர்ட்டரிலிருந்து வெளியேறும் ஒயில், கியர்பொக்ஸின் அடித்தட்டில் தங்கியிருக்கும் ஒயிலைவிடப் பல பாகை சூடாக இருக்கும். இங்கு சொல்லப்படும் எல்லைகள் அடித்தட்டுக்குரியவை.

வெளியேற்று வாயு: டீசலின் தனிக்குணம்

பெற்றோல் இயந்திரத்தில் காற்றும் எரிபொருளும் ஒரே விகிதத்தில் கலக்கும். டீசல் இயந்திரத்தில் அக்ஸிலரேட்டர் நேரடியாக எரிபொருளின் அளவைக் கூட்டுகிறது; காற்று, டர்போ தருவதைப் பொறுத்தது. குறைந்த சுழற்சியில், உயர்ந்த கியரில், அக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி திணறித் திணறி ஏறினால், டர்போவால் போதிய காற்றைத் தர முடியாது. எரிபொருள் மிகுந்து காற்றுக் குறையும்போது வாயுவின் சூடு உயரும். சைலன்சரில் கரும்புகை தெரிவதும் அப்போதுதான். கரும்புகை என்பது அளவு கருவி இல்லாதவருக்குக் கிடைக்கும் இலவச அளவு கருவி எனலாம்.

டர்போவுக்கு முன்னால் அளந்தால், நீண்ட ஏற்றத்தில் 650 பாகை வரை தொடர்ந்து ஓடலாம். ஏறத்தாழ 700 பாகையே பொதுவாக ஏற்கப்படும் உச்ச எல்லை. காணொளிகளில் வரும் 1250, 1300 பாரன்ஹைட் என்பவை முறையே 677, 704 பாகை செல்சியஸ். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியக் கலவை 600 பாகைக்குக் கீழேயே உருகத் தொடங்கும் என்பதை நினைத்தால், 700 எப்படிச் சாத்தியம் என்ற ஐயம் எழும். வாயு ஒவ்வொரு சுற்றிலும் கணப்பொழுதே அவ்வளவு சூடாக இருக்கிறது. இடையில் குளிர்ந்த காற்று புகுகிறது. பிஸ்டனின் அடியில் ஒயில் பீய்ச்சப்படுகிறது. இந்தச் சமநிலை குலைந்தால் பிஸ்டனின் விளிம்பு முதலில் உருகும், டர்போவின் சுழலி அடுத்தது.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கெப்பில், இயந்திரக் கணினி எரிபொருளை மட்டுப்படுத்தி இந்த எல்லையைக் காத்துக்கொள்ளும். ஆகவே சாதாரணப் பாவனையாளர் இதற்கென அளவு கருவி பூட்ட வேண்டியதில்லை. வலுவைக் கூட்டுவதற்காகக் கணினியின் நிரலை மாற்றியவர்கள், அந்தக் காவலையும் சேர்த்தே அகற்றியிருக்கக்கூடும். அவர்களுக்கு அளவு கருவி கட்டாயம். டர்போவுக்குப் பின்னால் பூட்டப்பட்ட கருவி 100 முதல் 200 பாகை வரை குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எல்லைகள்

கீழே வருபவை பெரும்பாலான டீசல் கெப்களுக்குப் பொருந்தும் பொது எல்லைகள். வாகனத்தின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே முடிவு.

1. கூலன்ட்: 85 முதல் 100 வரை வழமை. சுமையுடன் ஏறும்போது 105 வரை பொறுக்கலாம். 108-ஐத் தொட்டால் வேகத்தைக் குறைத்து ஏ.சி.யை நிறுத்த வேண்டும். 115-இல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும்.

2. இயந்திர ஒயில்: கூலன்டைவிட 10 முதல் 15 பாகை மேலே இருப்பது இயல்பு. 120 வரை கவலையில்லை. 130 தாண்டினால் சுமையைக் குறைக்க வேண்டும்.

3. ஓட்டோ கியர் ஒயில்: 80 முதல் 100 வரை நல்லது. 110 சிறிது நேரத்துக்கு. 120-இல் கியரைக் குறைத்து மெதுவாக்க வேண்டும், இறங்காவிட்டால் நிறுத்த வேண்டும். 130-க்கு மேல் ஓட்டவே கூடாது. 140-ஐத் தொட்டிருந்தால், வண்டி நன்றாக ஓடினாலும் ஒயிலை மாற்றிவிட வேண்டும்.

4. வெளியேற்று வாயு, டர்போவுக்கு முன்: 650 வரை தொடர்ச்சியாக, 700 சில நொடிகளுக்கு மட்டும்.

எண்ணைவிட அதன் போக்கு அதிகம் சொல்லும். 106-இல் ஏறி அங்கேயே நிற்கும் கூலன்ட், ரேடியேட்டர் ஈடுகொடுக்கிறது என்று காட்டுகிறது. 98, 101, 104 என்று நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டிருப்பது ஈடுகொடுக்க முடியவில்லை என்று காட்டுகிறது. இரண்டாவதே ஆபத்தானது, அது இன்னும் 105-ஐத் தொடாதபோதும்.

கச்சானும் பதரும்

இவ்வெல்லைகளை நமது பிரதேசத்தில் நெருக்குபவை சில. மே முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில், பகல் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டும். ரேடியேட்டர் வெப்பத்தைக் கொடுப்பது காற்றுக்குத்தான் என்பதால், காற்றே சூடாக இருந்தால் கொடுப்பது கடினம். மகா ஓயாவிலிருந்து செங்கலடியை நோக்கிச் சுமையுடன் மெதுவாக வருபவருக்கு அக்காற்று முதுகுப்புறமாக வீசும். முகப்பில் படும் காற்று அந்த அளவுக்குக் குறையும்.

அம்பாறையின் அறுவடைக் காலத்தில் பிரச்சினை வேறு. வெட்டு மெசின் ஓடும் வயலோரத்தில் நாள் முழுக்க நின்ற கெப்பின் முகப்பைத் திறந்து பார்த்தால் தெரியும்: ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள விரலளவு இடைவெளியில் நெற்பதரும் வைக்கோல் தூசியும் கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகவே தோன்றும். அழுத்தம் குறைந்த நீரை இயந்திரப் பக்கத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்ச்ச வேண்டும். வெளியிலிருந்து பலமாக அடித்தால் தூசி இன்னும் உள்ளே இறுகுவதோடு மெல்லிய தகடுகளும் வளைந்துவிடும்.

சுமையின் அளவைச் சுருக்கமாகவே சொல்லலாம். பல டபிள் கெப்களின் கையேட்டில், சொந்த பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோகிராம் என்றும், பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு 2.5 முதல் 3.5 தொன் வரை என்றும் இருக்கும். உள்ளூரில் ஒட்டப்பட்ட ட்ரெய்லர்களில் பிரேக் அரிது. ஆகவே நடைமுறையில் முதலாவது எண்ணே பொருந்தும், விளம்பரத்தில் வரும் இரண்டாவது எண் பொருந்தாது.

ஏற்றத்தில் செய்ய வேண்டியவை

மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போகும் வண்டி, செங்கலடி, மகா ஓயா, பதியத்தலாவை வழியாக மகியங்கனை வரை பெரிதாக எங்கும் திணறுவதில்லை. அதன் பின் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற மலைப்பாதை தொடங்குகிறது. பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறுபவர்களின் நிலையும் இதுவே. நூறு கிலோமீற்றருக்கு மேல் சமதரையில் ஓடிய பழக்கத்தில், கால் அதே அழுத்தத்தில் இருக்கும்.

1. அடிவாரத்திலேயே கியரைக் குறைக்க வேண்டும். ஓட்டோவாக இருந்தாலும் கையால் மூன்றிலோ நான்கிலோ பிடித்து, இயந்திரச் சுழற்சியை நிமிடத்துக்கு 2,200 முதல் 2,800 வரை வைத்திருப்பது பெரும்பாலான கெப்களுக்கு ஏற்றது. சுழற்சி உயர்ந்தால் இயந்திரம் சூடாகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மையில் வாட்டர் பம்ப், ஃபேன், டர்போ, ஒயில் பம்ப் ஆகிய நான்கும் சுழற்சியோடுதான் கூடுகின்றன. திணறி ஏறும்போது அவை நான்கும் சோர்ந்துவிடும்.

2. ஓவர்டிரைவை (சமதரை வேக ஓட்டத்துக்கான உயர்ந்த கியரை) நிறுத்த வேண்டும். இரண்டு கியர்களுக்கிடையே மாறி மாறித் தடுமாறும் கியர்பொக்ஸ், ஒவ்வொரு மாற்றத்திலும் பூட்டுக் கிளச்சைத் திறந்து ஒயிலைச் சூடாக்குகிறது.

3. ஃபேனின் ஓசையைக் கேட்க வேண்டும். சூடு கூடும்போது இறுகிச் சுழலும் ஃபேன் உள்ள வண்டிகளில், ஏற்றத்தின் நடுவில் பலத்த காற்றிரைச்சல் எழும். அது நல்ல செய்தி. எவ்வளவு சூடேறினாலும் அந்த இரைச்சல் வரவில்லை என்றால், ஃபேன் கிளச்சின் உள்ளேயுள்ள சிலிக்கோன் திரவம் கசிந்து போயிருக்கலாம்.

4. கூலன்ட் தொடர்ந்து ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, இன்னும் ஏறினால் ஹீட்டரை முழுச்சூட்டில் திறந்துவிடலாம். வண்டிக்குள் இருப்பவர் வியர்ப்பார். ஆனால் ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான்.

நிறுத்திய பின்

சூடேறிய வண்டியை ஓரங்கட்டியதும் சாவியைத் திருப்பி நிறுத்துவது இயல்பான பதற்றம், ஆனால் பெரும்பாலும் தவறு. நியூட்ரலில் அல்லது பார்க்கிங்கில் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் இயந்திரத்தை ஓடவிட்டால், கூலன்டும் ஒயிலும் சுற்றிச் சூட்டை வெளியேற்றும். டர்போவின் தண்டில் நிற்கும் ஒயில் கருகிக் கரியாவதும் தவிரும். இதற்கு விலக்கு மூன்று: நீராவி பீறிடுதல், கூலன்ட் தரையில் கொட்டுதல், ஒயில் அமுக்க விளக்கு எரிதல். இவற்றில் எது நேர்ந்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும். சுற்றுவதற்கு திரவம் இல்லாதபோது ஓடவிடுவதில் பயன் இல்லை.

ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே 115 பாகையில் இருக்கும் நீர், அமுக்கத்தினால் மட்டுமே நீராக இருக்கிறது. மூடி திறந்த கணத்தில் அதில் ஒரு பகுதி ஆவியாகி, மீதியைக் கொதிக்கக் கொதிக்க முகத்தில் எறியும். மேற்குழாயை விரலால் அழுத்திப் பார்த்து, அது இளகிக் கைச்சூட்டுக்கு வந்த பின்னரே திறக்கலாம். அதற்கு அரை மணி நேரத்துக்குக் குறையாது.

வைக்கோல் பரவிய வயலில் நிறுத்துபவர்கள், சைலன்சரின் அடிப்பகுதி எங்கே வருகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். கரித்துகள் வடிகட்டி உள்ள புதிய கெப்கள், தேங்கிய கரியை எரித்துத் தம்மைத் தாமே சுத்தம் செய்யும்போது, வடிகட்டிக்குள் வெப்பநிலை 550 முதல் 650 பாகை வரை போகும். காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ள அதில் பாதிகூடத் தேவையில்லை.

ஊர் திரும்பிய மறுநாள், ஆழமானி (ஒயில் மட்டத்தைப் பார்க்கும் கோல்) உள்ள கியர்பொக்ஸ் என்றால், அதிலிருந்து ஒரு சொட்டு ஒயிலை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பார்க்கலாம். இளஞ்சிவப்பாகத் தெளிவாகப் பரவினால் ஒயில் பிழைத்திருக்கிறது. பழுப்பு நிறமாகி, கருகிய வாசனை வந்தால் மாற்ற வேண்டும். பாலில் சிவப்புச் சாயம் கலந்தது போல் இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலர் வெடித்து கூலன்ட் கியர்பொக்ஸுக்குள் புகுந்துவிட்டது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்தே கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவும் இயக்கும் சில்லுகள் தரையில் உருளாதபடி. ஆழமானி இல்லாத புதிய கியர்பொக்ஸ்களில், ஒயில் ஏறத்தாழ 40 பாகையில் இருக்கும்போது, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, அடியிலுள்ள மட்டத் திருகைத் திறந்து பார்ப்பதே முறை. சூடு தணியாத வண்டியில் அந்தத் திருகைத் திறந்தால், விரிந்திருக்கும் ஒயில் வழிந்து மட்டம் பிழையாகத் தெரியும். ஆகவே ஓ.பி.டி. கருவியைக் கையில் எடுத்துக்கொண்டே கராஜுக்குப் போவது நல்லது.